ஜாம்பியா போய் வந்த பிறகு: ஊழியத்துக்குப் போகிற இடத்தில் நமக்குக் கிடைக்கிற அன்பு

பவானிக்கரை (ஈரோடு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபை வாலிபர் குழு அடுத்த வருடம் வெளிநாட்டு ஊழியப் பயணம் ஒன்றுக்குத் திட்டம் போடுகிறது. ஏற்கனவே போய் வந்தவள் என்று என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். எத்தனை கிராமம் போனோம், எத்தனை பேருக்குத் துணி கொடுத்தோம், எத்தனை பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தோம் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் போனது 2024-இல், ஜாம்பியாவின் கிழக்கு மாகாணத்துக்கு. கட்டேட்டே என்ற சின்ன ஊரிலிருந்து மண் ரோட்டில் உள்ளே போக வேண்டும். அந்த வருடம் பிப்ரவரி கடைசியில்தான் அந்த நாட்டு அரசு வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்திருந்தது. மக்காச்சோளம் கதிர் பிடிக்காமலே காய்ந்து நின்றது. கரிபா அணையில் தண்ணீர் இறங்கிவிட்டதால் டவுனில்கூட பாதி நாள் கரண்ட் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் ஐந்தாறு பேர் விருந்தாளியாகப் போய் இறங்கினோம்.

தங்கவைத்த வீட்டில் ஒரு பாட்டி. சாப்பிட உட்கார்ந்ததும் அவருடைய பேத்தி ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு பேசினும் கொண்டு வந்து, மண்டி போட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினாள். விருந்தாளிக்கு முதலில், வீட்டாருக்குக் கடைசியில். ஊற்றும்போது அவள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறாள், விரல் இடுக்கு நனைந்ததா என்று. அப்புறம் இன்ஷிமா வந்தது. வெள்ளை மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்வது, நம்ம ராகிக் களி போலவே, நிறம்தான் வேறு. தொட்டுக்கொள்ள, பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்திருந்தார்கள். முதல் நாள் கோழி அடித்தார்கள். அங்கே கோழியின் இரைப்பை வீட்டுத் தலைவருக்கோ பெரிய விருந்தாளிக்கோ உரியது. பாட்டி அதை எடுத்து என் தட்டில் வைத்தார். வீட்டு மூலையில் மாவு மூட்டை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது என் கண்ணில் பட்டது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் அது அவமானம்.

இனிச் சொல்வது என் சொந்த விஷயம். அப்பா இறந்த பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. ஆலயத்துக்குப் போவேன், பாடுவேன், ஓய்வுநாள் பள்ளி நடத்துவேன். தனியாக முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வராது. அந்த நிலையிலேயேதான் விமானம் ஏறினேன். அங்கே ஒரு சாயங்காலம் பாட்டி என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் மொழிபெயர்த்தார். அப்பா இறந்துவிட்டார் என்றேன். உடனே ஆறுதல் வசனம் எதுவும் சொல்லவில்லை. குழி யார் வெட்டினார்கள் என்று கேட்டார். என்ன பாட்டுப் பாடினீர்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டீர்களா, அம்மா அன்று இரவு யாரோடு படுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நம்ம ஊரில் என்னிடம் யாருமே இதையெல்லாம் கேட்டதில்லை. சொல்லி முடிக்கும்போது நன்றாக அழுதிருந்தேன். அதற்கப்புறம் தினமும் பொழுது சாய்ந்ததும் பாய் எடுத்து வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஜெபம் பண்ணுவார். மழையே இல்லாத வருடத்தில், போன வருடம் பெய்த மழைக்கு நன்றி சொல்லி ஆரம்பிப்பார். எனக்கு மறுபடி ஜெபிக்க வந்தது அந்தப் பாயில் உட்கார்ந்துதான்.

பவுல் அப்போஸ்தலன் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் ஒதுங்கினபோது, அந்த ஊர்க்காரர்கள் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘பாராட்டின அன்பு கொஞ்சமல்ல’ என்று எழுதியிருக்கிறது. பவுல் அங்கே பிரசங்கம் பண்ணினதாக ஒரு வரி இல்லை. முதலில் குளிர் காய்ந்தார். இதைத்தான் வாலிபர்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்: கொடுக்கப் போகிறோம் என்றே போகாதீர்கள், வாங்கிக்கொள்ளத் தெரிந்து போங்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? போகாதவர்களும் சொல்லுங்கள்.

மலையடிவாரம் (சத்தியமங்கலம்)

அக்கா, மனசு நிறைந்து படித்தேன். ஆனாலும் கேட்டுவிடுகிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. ஒருத்தர் போய்வர விமானச் செலவே லட்ச ரூபாய்க்குப் பக்கம் வரும். அந்தப் பணம் இருந்தால் எங்கள் மலையில் எத்தனையோ செய்யலாம். கடம்பூர், தாளவாடிப் பக்கம் மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாத ஊர்கள் இன்னமும் இருக்கின்றன. பிரசவ வலி வந்தால் தூளி கட்டித் தூக்கிவர வேண்டிய ஊரும் இருக்கிறது.

அன்புக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஊராளி வீட்டுக்கோ சோளகர் வீட்டுக்கோ போய்ப் பாருங்கள். கை கழுவத் தண்ணீர் அங்கேயும் கொடுக்கிறார்கள், இருக்கிற களியை அங்கேயும் பங்கு போடுகிறார்கள். வாலிபர்களை ஒரு மாதம் இங்கே அனுப்பினால் ஆகாதா? பாஸ்போர்ட் வேண்டாம், பஸ் டிக்கெட் போதும்.

செங்கோட்டு ரிக் (திருச்செங்கோடு)

வணக்கமுங்க. நான் கிறிஸ்தவன் இல்லை. அர்த்தநாரீஸ்வரர் கோயில் வாசலில் வளர்ந்தவன். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டித் தொழில். எங்கள் ஊர் வண்டி இந்தியா முழுக்க ஓடுகிறது, ஆப்பிரிக்காவிலும் ஓடுகிறது, உங்களுக்கே தெரியும். நானும் அங்கே சில வருடம் வண்டியில் இருந்தேன். நம்ம பக்கம் ஆயிரம் அடி போட்டாலும் புகைதான் பறக்கிறது. அங்கே பல இடத்தில் இருநூறு அடிக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சும். தண்ணீர் வந்ததும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். முதல்தடவை கேட்டபோது எங்கள் பெரிய மாரியம்மன் பண்டிகைதான் ஞாபகம் வந்தது.

ஒருமுறை காட்டுக்குள் வேலை நடக்கும்போது எனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு கம்ப்ரசர் பக்கத்திலேயே படுத்திருந்தேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. கூட இருந்த உள்ளூர்ப் பையன்கள் சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்து, ஒருத்தன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையைப் பிடிக்கிற மலேரியா என்றார்கள். அங்கே நோயாளிக்குச் சாப்பாடு சொந்தக்காரர்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும், அதற்காகவே ஆஸ்பத்திரிக்கு வெளியில் அடுப்புகள் வரிசையாக இருக்கும். எனக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் கட்டில் கிழவருடைய மனைவி, அவருக்குக் காய்ச்சின கஞ்சியில் பாதியை எனக்கும் ஊற்றினார். டிஸ்சார்ஜ் ஆகிறவரைக்கும். பேர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதனால் மலையடிவாரம் சொல்வதை நான் முழுக்க ஒத்துக்க மாட்டேனுங்க. நம்ம மலையில் நாம் யாருக்கும் அந்நியர் இல்லை. மொழி தெரியும், ஆஸ்பத்திரி தெரியும், போன் போட்டால் மச்சான் பைக் எடுத்துக்கிட்டு வருவான். யாரும் இல்லாமல் கிடந்து, முன்பின் தெரியாதவர் கையால் கஞ்சி குடித்துப் பார்த்தால்தான் சிலது புரியும்.

பவானிக்கரை அக்காவுக்கு ஒரு கேள்வி. அந்த ஊரில் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்? அடிபம்ப் இருந்ததா, ஓடியதா?

பவானிக்கரை

அண்ணா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நன்றி.

அடிபம்ப் ஒன்று இருந்தது. ஓடியது, ஆனால் கஷ்டப்பட்டு. காலையில் முதல் குடம் செம்மண் நிறத்தில் வரும், அதைக் கீழே ஊற்றிவிடுவார்கள். கைப்பிடியை நிறையத் தடவை அடித்த பிறகுதான் தண்ணீரே ஏறும். விடியும் முன்னாலேயே பெண்கள் வரிசையில் நிற்பார்கள். எங்களைப் பார்த்தால் வரிசையில் முன்னால் விடுவார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பம்ப் தலையில் ‘இந்தியா’ என்று வார்த்திருந்ததைப் பேத்தி தொட்டுக் காட்டினாள்.

குடிநீர் வாரியம் ஓய்வு (கோவை)

அந்த அடிபம்புக்குப் பேர் இந்தியா மார்க் 2. இந்த இடத்தில் நான் பேசியே ஆக வேண்டும்.

அந்தப் பம்பின் கதையிலேயே மிஷன் வேலை இருக்கிறது. 1960-களின் கடைசியில் வறட்சி வந்தபோது, மகாராஷ்டிரத்தில் கிணறு போட்டுக்கொண்டிருந்த மிஷன்காரர்கள், வார்ப்பிரும்புப் பம்புகள் சீக்கிரம் உடைவதைப் பார்த்து உறுதியான ஒன்றை ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் உருவாக்கினார்கள். அதை வைத்து யூனிசெஃப் உதவியோடு 1970-களில் மெட்ராஸில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலையில் வளர்த்தெடுத்ததுதான் மார்க் 2. பிறகு 1980-களில் நம்ம கோயமுத்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் வைத்து வருடக்கணக்கில் சோதித்தார்கள். கைப்பிடியை அடிக்கிறவர்கள் நம்ம ஊர்ப் பெண்கள், குறித்துக்கொண்டது வாரியத்து ஆட்கள். தோல் வாஷர் தேய்ந்துகொண்டே இருந்தது, நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டதும் நின்றது. மார்க் 2-இல் உள்ளே ஒரு வாஷர் மாற்ற வேண்டும் என்றாலும் குழாய் அத்தனையையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்காக அகலமான குழாய் போட்டு, குழாயை அசைக்காமலே பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கிற மாதிரி செய்தார்கள். அதுதான் மார்க் 3. உலகம் முழுக்கப் போன ஒரு சாமானில் நம்ம மாவட்டத்து உழைப்பு இருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

நீங்கள் சொல்கிற செம்மண் தண்ணீர் மண்ணால் வருவது இல்லையம்மா, துரு. நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் துத்தநாகம் பூசின இரும்புக் குழாய் அரித்துவிடும். ஜாம்பியாவிலும் உகாண்டாவிலும் இது தெரிந்த பிரச்சினை. அரிக்காத குழாயாக மாற்றினால் சரியாகிவிடும். இது பற்றி விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

கருமத்தம்பட்டிக்காரன் (சோமனூர்)

நான் கத்தோலிக்கன். எங்கள் ஊரின் சம்பந்தம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1846-இல் எங்கள் கருமத்தம்பட்டி ஆலயத்தில்தான் மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக் குரு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவைப் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளையே குருக்களாக வளர்க்க வேண்டும், வெள்ளைக்காரர் கையிலேயே எல்லாம் இருக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். அதில் ஒத்துப்போகாமல் கடைசியில் பதவியை விட்டு ஊர் திரும்பினார். வீட்டில் உட்காரவில்லை. 1856-இல் பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனில் ஃப்ரீடவுன் போய் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல். ஜூன் 25-ஆம் தேதி இறந்துவிட்டார், ஆறே வாரம்.

கணக்குப் பார்த்தால் அங்கே அவர் ஒன்றுமே செய்யவில்லை. அவர் தொடங்கின சபை இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறது. மலையடிவாரம் நண்பரே, செலவுக் கணக்கு தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் போக வேண்டியவர் யார், எங்கே என்பதை அந்தக் கணக்கு மட்டும் சொல்லாது.

சேந்தமங்கலம் சாலை (நாமக்கல்)

ஓய்வுபெற்ற போதகர் நான். பேத்திதான் தட்டச்சு செய்து தருகிறாள்.

கொல்லிமலையில் இங்கிலாந்து மிஷனரி ஜெஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் ஊழியம் செய்ததை இந்தப் பக்கத்தில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கைவைத்தியம் தெரிந்த மனுஷர். நரம்புச் சிலந்திப் புழு காலில் வெளியே தலை நீட்டினால், ஒரு குச்சியில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுப்பார். அவசரப்பட்டால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். கிணறு வெட்டச் சொன்னார், தண்ணீரை வடிகட்டச் சொன்னார், பள்ளிக்கூடம் வைத்தார். இத்தனையும் செய்தும் வருடக்கணக்கில் ஒருவரும் விசுவாசத்துக்குள் வரவில்லை. வரவிடாமல் எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஊர்ப் பூசாரி.

முதல் உலகப் போர் முடிந்த சமயம் விஷக்காய்ச்சல் வந்தது. பூசாரி வீட்டுப் பக்கம் போக ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை. பிராண்ட் தம்பதி போய்க் கஞ்சி ஊட்டினார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தம் கைக்குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் பிராண்ட் ஐயர் செய்த தயவைச் சொல்கிறார்கள். நான் பூசாரியைத்தான் நினைத்துக்கொள்வேன். அந்நிய தேசத்து ஆள், வேறு தெய்வம், வேறு சாப்பாடு. அப்படிப்பட்டவர் கையில் பெற்ற பிள்ளையைக் கொடுக்க எவ்வளவு விசுவாசம் வேண்டும்! அந்த ஊரில் முதல் விசுவாசம் அவருடையது என்று நான் பிரசங்கத்தில் சொன்னதுண்டு.

ஜெஸி ஐயர் 1929-இல் மலைக்காய்ச்சலால் இறந்தார். அம்மா விட்டுப் போகவில்லை. வயதாகிவிட்டது, போதும் என்று மிஷன் சொன்ன பிறகும் அக்கம்பக்கத்து மலைகளுக்குக் குதிரையில் போய்க்கொண்டிருந்தார்கள். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார்கள். இவர்கள் மகன்தான் கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கின விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர்.

ஜாம்பியா என்றதும் இன்னொன்று. 1830-இல் கோவைக்கு ஆடிஸ் ஐயரை அனுப்பின லண்டன் மிஷன்தான், பின்னால் மிஷனரியும் பயணியுமான டேவிட் லிவிங்ஸ்டனை முதலில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அவர் 1873 மே மாதம் இப்போதைய ஜாம்பியாவில் ஒரு குடிசையில் இறந்தார். சூசி, சூமா முதலான ஆப்பிரிக்க ஊழியர்கள் அவர் இருதயத்தை அங்கே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். நாசிக் மிஷன் பள்ளியில் படித்த ஜேக்கப் வெய்ன்ரைட் என்ற ஆப்பிரிக்க இளைஞர் அடக்க ஆராதனை வாசித்தார். உடலைப் பதப்படுத்தி, மாதக்கணக்கில் தோளில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். விட்டுவிட்டுப் போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? லிவிங்ஸ்டனுக்குச் சிலை இருக்கிற அளவுக்குச் சுமந்தவர்களுக்கு இல்லை. மகளே, உங்கள் பாட்டியைப் பற்றி நீங்கள் சபையில் தாராளமாகச் சாட்சி சொல்லுங்கள்.

பெருந்துறைத் தோழன்

போதகர் ஐயாவுக்கு வணக்கம். எல்லாம் படித்தேன். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

வெளிநாடு போய் ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிட்டதைச் சாட்சி சொல்கிறோம். திரும்பி வந்த பிறகு? நான் காலனியில் பிறந்தவன். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் இருந்ததை என் கண்ணால் பார்த்து வளர்ந்தேன். ஆலயத்தில் டம்ளர் வேறாக இல்லை, ஆனால் கல்யாணப் பேச்சு எடுத்தால் எல்லாரும் அவரவர் தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆப்பிரிக்கப் பாட்டி வீட்டில் தங்கினவர்கள் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்குவார்களா? கோபத்தில் கேட்கவில்லை, ஏக்கத்தில் கேட்கிறேன்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம்ம தமிழ்ப் போதகர் அசரியா எழுந்து வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்துச் சொன்னார்: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள். உதவி செய்கிறீர்கள், ஆனால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதுதான் அவர் மனக்குறை. இப்போது வெளிநாடு போகிறவர்கள் நாம். அதே கேள்வி நமக்கும் வந்து நிற்கிறது.

திருப்பூர் ஓவர்லாக்

தோழன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்கு நைஜீரியாவிலிருந்து பனியன், டி-சர்ட் வாங்க வியாபாரிகள் வருகிறார்கள், காதர்பேட்டைப் பக்கம் பார்க்கலாம். வீடு கேட்டு அலைவார்கள், கிடைக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். இவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு ஒருவர் வந்தார். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவரவர் குடும்பத்தோடு பேசிக்கொண்டு நின்றோம். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம்தான். நெய் ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார். சாப்பிட்ட பிறகு எங்கள் பையனுடைய பரீட்சைக்காக ஜெபித்தார். நாங்கள் கேட்கவே இல்லை, பையன் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவராகவே ஜெபித்தார்.

வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பிள்ளைகள் ஹாஸ்டலில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊரே வெளிநாடாக மாறியிருக்கிறது எங்களுக்கு.

அரசமரத்தடி (கோபி)

நான் இந்து. மரியாதையாகவே கேட்கிறேன். அன்பு, உதவி எல்லாம் சரி. ஆனால் ஊழியம் என்றாலே கடைசியில் மதம் மாற்றுவதுதானே? கஞ்சி கொடுத்துவிட்டு, நன்றிக்கடனாக என் சாமியைக் கும்பிடு என்றால் அது அன்பா? எங்கள் ஊரில் இதனால் குடும்பமே இரண்டான வீட்டை எனக்குத் தெரியும்.

பவானிக்கரை

கேட்டது நல்லதுங்க. நாங்கள் போன ஊரில் சபை எங்களுக்கு முன்னாலேயே இருக்கிறது. அந்த மாகாணத்தில் 1899-லேயே மக்வேரோவில் தென்னாப்பிரிக்க மிஷனரிகள் தொடங்கிவிட்டார்கள். ஜாம்பியாவே 1991-இல் தன்னைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்துக்கொண்ட நாடு. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர்கள்தான் எங்களை அழைத்தார்கள். நாங்கள் யாரையும் மாற்றவில்லை.

ஆனால் இதைச் சொல்லி உங்கள் கேள்வியிலிருந்து தப்பிக்க விரும்பவில்லை. என் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், மறைக்க மாட்டேன், அது எனக்கு உயிர். அதை அரிசி மூட்டையோடு கட்டிக் கொடுப்பது எனக்கும் பிடிக்காது. அப்படிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு இல்லை என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது. குடும்பம் இரண்டாகப் பிரிவது பெரிய வேதனை. அதைச் சின்னதாக்கிப் பேச மாட்டேன்.

தோழன் தம்பிக்கு: அடுத்த வாரம் நானும் வீட்டுக்காரரும் வரலாமா? இரவு தங்குகிற மாதிரியே வருகிறோம். விலாசம் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

செங்கோட்டு ரிக்

அரசமரத்தடி அண்ணா சொல்கிற பயம் எனக்கும் உண்டுங்க. அதனால்தான் அந்த ஆஸ்பத்திரியைச் சொன்னேன். தினம் காலையில் வார்டில் பாட்டுப் பாடி ஜெபிப்பார்கள். நானும் கண்ணை மூடி எங்கள் அப்பன் அர்த்தநாரீஸ்வரரை நினைத்துக்கொள்வேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பெருந்துறைத் தோழன்

வாங்க அக்கா. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இப்போதே என்ன சமைப்பது என்று ஆரம்பித்துவிட்டார்.

தாராபுரம் செவிலி

வாலிபர் குழு இதைப் படிக்கும் என்றால் சில நடைமுறை விஷயங்கள். மலேரியா மாத்திரை டாக்டரிடம் கேட்டுப் புறப்படும் முன்னாலேயே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். ஊர் வந்துவிட்டோம் என்று நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால் ஆப்பிரிக்கா போனதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். செங்கோட்டு அண்ணாவுக்கு வந்த வகை மணிக்கணக்கில் மோசமாகும். போகிற நாட்டுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையென்றால், குறைந்தது 10 நாள் முன்னால் அரசு அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். ஒருமுறை போட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். அது இல்லாமல் அந்தக் காய்ச்சல் இருக்கிற நாட்டிலிருந்து திரும்பினால் இங்கே தனிமைப்படுத்துவார்கள்.

மருத்துவ முகாம் நடத்துகிறோம் என்று பை நிறைய மாத்திரை கொண்டுபோக வேண்டாம். நாம் கிளம்பிப் போன பிறகு பக்கவிளைவு வந்தால் பார்ப்பது உள்ளூர் நர்ஸ். அவரிடம் கேட்டு, அவருக்குத் தேவையானதை அவர் கையில் கொடுங்கள். ஊழியத்துக்குப் போகிறவர்கள் சுற்றுலா விசாவில் போகாதீர்கள், அழைக்கிற சபையிடம் கடிதம் வாங்கிச் சரியான விசா எடுங்கள். பிள்ளைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடும் முன் அவர்கள் அம்மாவிடம் கேளுங்கள். நம் பிள்ளையை முன்பின் தெரியாதவர் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

மலையடிவாரம்

நான் கேட்டதற்குப் பல பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது, சந்தோஷம். என் எண்ணம் பாதி அப்படியே இருக்கிறது. இப்படிச் செய்தால் என்ன? எல்லாரும் முதலில் கொஞ்ச நாள் எங்கள் மலையில் வந்து தங்கட்டும். அங்கே கொடுத்ததைச் சாப்பிட்டு, பாயில் படுத்து, வேலையில் கூட நிற்கட்டும். யாருக்கு அது ஒத்துவருகிறதோ அவர்கள் ஜாம்பியா போகட்டும். பெரிய கூட்டமாக வேண்டாம், இரண்டு மூன்று பேர் போய் நிறைய நாள் இருக்கட்டும். மிச்சமாகிற டிக்கெட் பணத்தில் அந்த ஊர் பம்பைச் சரி பண்ணலாம்.

பவானிக்கரை

இது எனக்கு முழுக்கச் சம்மதம். வாலிபர் குழுவிடம் இதையே வைக்கிறேன். மலைக்கு எப்போது வரலாம் என்று உங்களோடு போனில் பேசுகிறேன் தம்பி.

பம்ப் விஷயம் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நாமாகப் போய் மாட்டிவிட்டு வந்தால் அடுத்த தடவை உடையும்போது யார் பார்ப்பார்கள்? வாரியத்து ஐயாவும் செங்கோட்டு அண்ணாவும் வழி சொன்னால் நல்லது.

செங்கோட்டு ரிக்

அங்கே வட்டாரத்துக்கு ஒரு பம்ப் மெக்கானிக் இருப்பார், ஊரார் கூலி கொடுப்பார்கள். அவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். குழாய்க்கும் கூலிக்கும் மட்டும் நாம் கொடுப்போம். என் பங்குக்கு ஒரு தொகை தருகிறேன். சபைக் கணக்கில் போட வேண்டாம், பாட்டியின் ஊர்க் கணக்கில் போடுங்கள். பக்கத்துக் கட்டில் அம்மா எந்த ஊர் என்று கேட்காமல் வந்துவிட்டேன், அவருக்குச் சேர வேண்டியது இது.

குடிநீர் வாரியம் ஓய்வு

செங்கோட்டுக்காரர் சொன்னதுதான் சரி. அங்கேயே கிடைக்கிற சாமான், அங்கேயே இருக்கிற ஆள். இங்கிருந்து குழாய் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இரும்புக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகோ அந்த ஆழத்துக்குத் தாங்குகிற பிளாஸ்டிக் குழாயோ போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச வருடத்தில் அதே செந்தண்ணீர்தான். வாஷர் செட் மட்டும் ஒன்றிரண்டு நான் வாங்கித் தருகிறேன், பையில் வைத்துக்கொள்ளலாம்.

அம்மா, நீங்கள் முதலில் அந்த டீச்சருக்கு எழுதி மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: போர் எத்தனை மீட்டர் ஆழம், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, இப்போது இருக்கிற குழாயின் விட்டம் எவ்வளவு. கிணறு போட்டபோது எழுதின அட்டை ஊர்த் தலைவரிடமோ வட்டார நீர் அலுவலகத்திலோ இருக்கும். அது கையில் வரும்வரை யாரும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். வந்ததும் இங்கேயே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.